பேக்கரி வரிசையில் இருவர்

நகைக்கடையில் மோதிரத் தட்டு காணாமல் போனது சனிக்கிழமை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. கடைக்காரர் பார்த்தது ஓடுகிறவனின் முதுகை மட்டும்தான். உயரமான ஆள், கருநீலக் கோட்டு. அந்த அடையாளத்தோடு இங்கிலாந்தின் பர்ன்லி ஊர்க் கடைத்தெருவில் கால்மணி நேரத்துக்குள் இரண்டு பேர் அகப்பட்டார்கள். இருவரிடமும் மோதிரம் இல்லை. இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு முனை பேக்கரியில் இருந்தார்களாம்.

சார்ஜன்ட் லொரெய்ன் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஒருவர் ஜூலியன் ஃபென்விக். லண்டனில் பழம்பொருள் வியாபாரம். பர்ன்லியில் அன்று காலைதான் முதன்முதலாக ரயிலை விட்டு இறங்கியிருந்தார். நாற்காலி போட்டால் நன்றி, தண்ணீர் கொடுத்தால் நன்றி, அப்படியொரு மனுஷர். இன்ஸ்பெக்டர் அவரிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். அதிலும் ஒன்று, டீயில் பால் வேண்டுமா என்பது.

இன்னொருத்தன் டெரி. ஸ்டேஷன் அலமாரியில் அவனுக்கென்று தனிக் கட்டே இருக்கிறது. இரண்டு தடவை உள்ளே போய் வந்தவன். லொரெய்னும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பஸ் டிப்போவில் வண்டி கழுவும் வேலையில் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகிறது. இன்னும் நன்னடத்தைக் காலம் முடியவில்லை. வழக்கு என்று ஒரு தாள் எழுதினாலே போதும், திங்கட்கிழமை மறுபடி ஜெயில். வேலையும் அம்போ.

லொரெய்ன் பேக்கரிக்கே போய் விசாரித்துப் பார்த்தாள். ஈஸ்டர் சமயத்திலிருந்தே கேமரா வேலை செய்யவில்லையாம். கவுண்ட்டர் பெண்ணிடம் இரண்டு பேர் படத்தையும் காட்டினால், உதட்டைப் பிதுக்கினாள். வாங்க வருகிறவர்களை அவள் நிமிர்ந்தே பார்ப்பதில்லையாம். பார்த்தால் திட்டுகிறார்களாம்.

இன்ஸ்பெக்டருக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. ஃபென்விக்கை நாலு மணி ரயிலுக்கு அனுப்பிவிடு, டெரி மேல் வழக்கை எழுது என்று சொல்லிவிட்டார்.

எழுதுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை லொரெய்ன் டெரியிடம் போனாள். பேக்கரியில் என்ன வாங்கினாய் என்று கேட்டதுதான் தாமதம், பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டான்.

இருபது நிமிஷம் வரிசையில் நின்றானாம். முன்னால் நின்ற அம்மாள் கேக்கில் ஈரமே இல்லை என்று சண்டை பிடித்ததில் பத்து நிமிஷம் போச்சாம். இவன் முறை வந்தபோது, கறியை மாவில் பொதிந்து சுடும் கறி பேஸ்டியும் இல்லை, சாசேஜ் ரோலும் இல்லை. ஓரத்தில் கிடந்த வெங்காயப் பேஸ்டி ஒன்றைத் தலையில் கட்டினார்களாம். அதுவும் சில்லென்று. சூடு பண்ணிக் கொடு என்றால், சூடாக விற்றால் வரி கட்டவேண்டும் என்று சட்டம் பேசினாளாம். கடித்தால் உள்ளே வெறும் காற்று. கை துடைக்கத் தாள் கேட்டதற்கு, அது திங்கட்கிழமைதான் வருமாம்.

"மூணு பவுண்டு, லொரெய்ன். திருடனுங்கன்னா அவனுங்கதான். அங்க ஒரு போலீஸையும் காணோம், என்னைப் பிடிச்சு வச்சிருக்க."

"டேய், நீ ஜெயிலுக்குப் போகப்போற. அதைப் பத்திப் பேசுடா."

"அதுக்கு அப்புறம் வரேன். அந்தக் காசு திரும்பக் கிடைக்குமா?"

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பிறகு டெரியின் குரல் இறங்கிப்போயிற்று.

"வேலை போயிரும். இந்தத் தடவை சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

அவன் சொன்னதையெல்லாம் கேட்டு இன்ஸ்பெக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்தப் புலம்பலைப் பர்ன்லியில் எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், இதற்கு அன்றைக்கு அங்கே போயிருக்கவேண்டும் என்பதே இல்லை என்றார். உண்மைதானே. லொரெய்னும் போன வாரம் தன் வீட்டில் இதையேதான் புலம்பினாள். வேறு வழி தெரியாமல் தாளை எடுத்து டெரியின் பெயரை எழுதினாள். மனசு கேட்கவே இல்லை.

மூன்றரை மணிக்கு ஃபென்விக்கை வழியனுப்ப வாசல்வரை வந்தாள். கோட்டை எடுத்துக் கொடுத்தாள். வெளியூர்க்காரர் முன்னால் வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். முதல் தடவையா எங்க ஊருக்கு வந்திருக்கீங்க. இந்த ஸ்டேஷனும் அந்தப் பேக்கரியும்தான் பார்க்கக் கிடைச்சுது."

ஃபென்விக் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடியே சிரித்தார். அவர் யாரையும் குறை சொல்கிற ஆளே இல்லை.

"சேச்சே, பேக்கரிக்கு என்னங்க குறைச்சல்? போய் நின்னதும் அந்தப் பொண்ணு சிரிச்ச முகமா கறி பேஸ்டி எடுத்துக் குடுத்துச்சு. சுடச்சுட. உள்ள கறி அப்படியே நிறைஞ்சு வழியுது."

லொரெய்ன் அவர் தோளிலிருந்து கோட்டை மெதுவாகக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, டெரியின் பெயர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டாள்.