சுவரோடு பேசுகிறவர்

“கேப்டனை வித்துடலாங்கறீங்களா?”

பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சரின் பேனா அப்படியே நின்றது.

டொக், டொக்.

“அப்ப வேண்டாம். நாலு நாலு ரெண்டுன்னு நிறுத்தினா? டிஃபென்ஸ் கெட்டியா இருக்கும்.”

டொக், டொக்.

“சரியான பிடிவாதக்காரர் நீங்க. நாலு மூணு மூணு?”

டொக்.

“அதானே பார்த்தேன். ஏறி அடிக்கிற ஆட்டம்தான் உங்களுக்குப் பிடிக்கும்.”

பக்கத்து வீட்டில் இருப்பது லிஃப்ட் ரிப்பேர் செய்யும் ஒற்றை ஆள். வேலை முடிந்து வந்ததும் விளக்கைப் போடுவார், ஃபுட்பாலை ஆரம்பிப்பார். பிடித்த டீமுக்கு யாரை வாங்கலாம், யாரை விற்கலாம், யாரை எங்கே நிறுத்தலாம். பேசுவது ஒரே குரல். பதில் சொல்வது அந்தத் தட்டல்.

வீட்டுக்காரம்மா சொன்ன சமாசாரம் வேறு நினைவுக்கு வந்தது. லிஃப்ட்காரரின் அண்ணனும் அவரோடுதான் இருந்தாராம். ரெண்டு பேருக்கும் ஃபுட்பால் பைத்தியம். அண்ணன் போன வருஷம் அந்த ரூமிலேயே செத்துப்போனாராம்.

கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“என்னங்க, அந்த ஆளு செத்துப்போன அண்ணனோட பேசறாரு.”

“மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வா, முதல்ல அப்பா விஷயத்தை முடிப்போம்.”

இருவரும் மாமனாரின் ரூமுக்குள் போனார்கள். வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்ட மனிதர். சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். படுத்த புதிதில் அவர் காதருகே போய், “மாமா, என்னைத் தெரியுதா?” என்று டீச்சர் கேட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் ரூமில் இருந்த டிவியும் ஹாலுக்கு வந்துவிட்டது. கூரையைப் பார்க்கிறவருக்கு டிவி எதற்கு?

“ஞாயித்துக்கிழமை ஹோம்ல சேர்த்துடலாம். சொல்லி வச்சாச்சு,” என்றார் கணவர்.

“சேர்த்துடுங்க. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. அவருக்கு வீடும் ஒண்ணுதான், ஹோமும் ஒண்ணுதான். என்ன புரியப்போகுது?” போர்வையைச் சரிசெய்தபடியே சொன்னாள் டீச்சர்.

“மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேட்டுடப்போகுது.”

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அதே குரல். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. லிஃப்ட்காரர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு கையிலும் டீ கிளாஸைப் பிடித்திருந்தார். ரூமில் வேறு ஈ காக்கை இல்லை.

“கோல்கீப்பரையாவது மாத்தலாமா? அவனுக்கும் வயசாயிடுச்சு.”

டொக், டொக். டொக், டொக்.

அவர் கை அசையவே இல்லை. சுவர்தான் தட்டியது. டீச்சர் ஒரு அடி பின்வாங்கினாள். ஆனாலும் வந்த கோபம் அவளைக் கைவிடவில்லை.

“இங்க பாருங்க, செத்தவரைக் கூப்பிட்டுப் பேசறதெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்குங்க. பக்கத்துல குடும்பம் இருக்கு. வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி உங்களைக் காலி பண்ண வைக்கிறேன்.”

அவர் எழுந்து நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். அண்ணன் போனப்புறம் பழக்கதோஷத்துல தனியாப் பேசிக்கிட்டிருந்தேன். ஒருநாள் சுவர் தட்டுச்சு. எனக்கே உசுரு போயிட்டு வந்துச்சு. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு தட்டுங்கன்னு சொல்லிட்டு, ‘அண்ணே, நீயா?’ன்னு கேட்டேன். ரெண்டு தட்டு.”

“அப்ப யாரு?”

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு படுத்திருக்காங்கன்னு நீங்கதான் சொல்லணும்.”

டீச்சர் சுவரைப் பார்த்தாள்.

“பெரியவருக்கு ஆட்டம்னா உசுரு. ரூம்ல டிவி இல்ல போலிருக்குன்னு, மேட்ச் அன்னிக்கு இங்கிருந்தே கமென்ட்ரி சொல்லுவேன். நீங்க உள்ள வர்ற சத்தம் கேட்டா நிறுத்திக்குவேன், உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு.” அவர் குரல் இறங்கியது. “இன்னிக்குத்தான் அவருக்கு ஆட்டத்துல மனசே ஓடல. ஃபார்வர்டை விக்கலாமா, கோல்கீப்பரை மாத்தலாமா, எதைக் கேட்டாலும் ரெண்டு தட்டுதான். யாரையும் அனுப்ப வேண்டாங்கறாரு. வீட்டுல ஏதாவது பிரச்சினையா டீச்சர்?”

டீச்சர் வீட்டுக்கு வந்தாள்.

மாமனார் எப்போதும்போல் கூரையைப் பார்த்துக் கிடந்தார். இடது கை போர்வைக்கு வெளியே, சுவரோரம். விரல் முட்டி படுகிற இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. தினமும் கண்ணில் படுகிற இடம்தான். ஈரம் ஊறியிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“மாமா… நேத்து நாங்க இங்க நின்னு பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?”

கூரையில் இருந்த கண்கள் மெல்ல இறங்கி அவள் முகத்தில் நின்றன. இடது கை எழுந்தது.

டொக்.

இன்னொரு தட்டுக்காக டீச்சர் காத்திருந்தாள். வரவே இல்லை.