கடைசித் துண்டு

"இன்னும் ஒரே ஒரு வாய். என் தங்கமில்ல? கண்ணை மூடிட்டு முழுங்கிடு."

"முடியாது. கல்லு மாதிரி இருக்கு."

"முளைகட்டின கோதுமை ரொட்டி உடம்புக்கு ரொம்ப நல்லது. தம்பி சமத்தா சாப்பிட்டுட்டான் பாரு."

"அவன் சோப்பையே தின்பான்."

"தட்டு காலியானாத்தான் எல்லாரும் பார்க்குக்குப் போகலாம்."

அந்த மிரட்டலுக்கு வாய் திறந்தது. அவள் கடைசித் துண்டைத் திணித்தாள்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். கன்னமெல்லாம் மாவு. "முதல் தடவையா சுட்டிருக்கேன். எப்படிங்க இருக்கு?"

அப்பா கஷ்டப்பட்டு விழுங்கினார். "பிரமாதம்."

"அப்ப இனிமே தினமும் இதுதான்."

அம்மா உள்ளே போனதும், ஊட்டிவிட்ட ஐந்து வயது மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"சாப்பிடத்தானேப்பா சொன்னேன்? யாரு பாராட்டச் சொன்னா?"