விளக்குப் போட்டு வந்தவன்

எதிரே வந்த மர லாரி சாலையோரம் ஒதுங்கி நின்றது. அதன் பின்னால் வந்த கார்களும் ஒதுங்கின. லாரிக்காரர் கீழே இறங்கி, தூறலில் நனைந்தபடியே தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அலபாமாக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தாலும், இந்த அளவுக்குக் கோர்டன் எதிர்பார்க்கவில்லை. அவனுடைய மின்னசோட்டாவில் ஆம்புலன்ஸுக்கே யோசித்துத்தான் ஒதுங்குவார்கள். பதிலுக்கு அவன் கையை வேறு ஆட்டி வைத்தான்.

முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த கார்களை முந்த மனமில்லாமல், மழைக்காக விளக்கைப் போட்டுக்கொண்டு அவற்றின் பின்னாலேயே போனான். சந்திப்பில் சிவப்பு விழுந்திருந்தும் போலீஸ்காரர் "போ, போ" என்று கை காட்டினார். கல்லறைத் தோட்டத்துக்குள் போய் நின்ற பிறகுதான், அடையாளத்துக்கு எல்லாக் காரும் விளக்குப் போட்டு வரும் ஒரு சவ ஊர்வலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. பின்னால் வந்த கார்கள் வழியை அடைத்து நின்றதால் திரும்பவும் முடியவில்லை.

அடக்கம் முடியும்வரை தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றான். நழுவப் பார்த்தபோது, தடித்த மனிதர் ஒருவர் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"எங்க ஓடுறீங்க தம்பி? சர்ச்சுல சாப்பாடு இருக்கு."

"இல்லைங்க, நான் உறவெல்லாம் இல்ல. தெரியாம..."

"யாரா இருந்தா என்ன? விளக்கப் போட்டுக்கிட்டுக் கடைசி வரைக்கும் வந்தீங்கல்ல! சாப்பிடாமப் போனா குழிக்குள்ள இருக்கிற ஹார்கெட் எந்திரிச்சு வந்துருவாரு."

உண்மையில் கோர்டனுக்குச் சாவுச் சாப்பாட்டுக்கெல்லாம் நேரமில்லை. அவன் பெற்ற தாயைத் தேடி வந்திருந்தான். வளர்த்த தாய் இந்த வசந்தத்தில் சாகும்போதுதான், ஓபல் டீக் என்ற பெயரையும் இந்த ஊரையும் சொல்லிவிட்டுப் போனாள். பிறந்த அன்றே தன்னைக் கொடுத்துவிட்டவளை ஒருமுறை பார்த்து, 'எனக்குக் கோபமில்லை' என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

சர்ச் கூடத்தில் பொரித்த கோழியும் அவரைக்காயும் கேக்குகளும் மேஜை கொள்ளாமல் கிடந்தன. ஐஸ் டீ ஒரு மிடறு குடித்ததும் இனிப்பில் பல் கூசியது. துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று இறந்தவரின் மனைவியிடம் போனான். இரண்டு மகன்களும் இருபுறமும் நிற்க, தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள் அவள்.

"மன்னிக்கணும்மா. உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது. ரோட்டுல தெரியாம உங்க வரிசையில புகுந்துட்டேன்."

மகன்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள்.

"பரவால்ல, அவருக்கும் கூட்டம்னா பிடிக்கும். உக்காரு கண்ணு. எந்த ஊரு?"

"மின்னசோட்டாம்மா."

"அங்கேருந்து இந்தப் பட்டிக்காட்டுக்கு எதுக்கு வந்தே?"

சின்ன ஊர். வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னாலும், எங்கோ குடும்பம் குழந்தையென்று இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தலைகுனிவாகிவிடும். மகன்கள் கேக் பக்கம் நகரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஓபல் டீக்னு ஒருத்தங்க. எங்க வீட்டுக்கு வேண்டியவங்க. இப்ப எங்க இருப்பாங்கன்னு தெரியுமா?"

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"டீக் குடும்பம் இந்த ஊர விட்டே போயிருச்சு கண்ணு. உங்கம்மா செத்தும் ரொம்ப வருஷமாச்சு. வெளியூர்ல எங்கயோ."

கோர்டன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். சாவு விழுந்த இடம் என்பதால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவள் தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடு. அவ கெட்டவ இல்ல. பதினாறு வயசு, கேக்க ஒரு நாதியில்ல."

"உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

"ஒரே ஸ்கூலு."

"என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது..."

"மார்ச் மாசம் வந்தா யார்கிட்டயும் பேச மாட்டா. என்னன்னு கேட்டா தலவலின்னுருவா."

கோர்டன் பிறந்தது மார்ச்சில்தான்.

"வளத்தவங்க நல்லா வச்சிருந்தாங்களா?"

"ரொம்ப நல்லாம்மா. கோவமில்லன்னு அவங்ககிட்டச் சொல்லத்தான் வந்தேன். முன்னாடியே ஒரு எட்டு வந்திருக்கணும்."

"அவளுக்குக் கேட்டிருக்கும், விடு."

அவளே எழுந்து போய்க் கோழியும் கேக்கும் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றினாள். உறவுக்காரப் பெண்கள் "நீங்க உக்காருங்க" என்று பதறியும் கேட்கவில்லை. வாசல் வரை வந்து பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரோடு வழுக்கும். மெதுவாப் போ."

"வரேம்மா. முன்னப்பின்ன தெரியாத எனக்குப் போயி... உங்கள மறக்க மாட்டேன்."

அவன் கார் வளைவில் திரும்பி மறைந்தது. அவள் உள்ளே போகாமல் மழையிலேயே நின்றாள்.

அவளைக் காணோமென்று தேடி வந்த நாத்தனார், பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"புருஷன் குழிகிட்டகூடக் கல்லாட்டம் நின்னியே, வழி தவறி வந்த எவனோ போறதுக்கா இப்படி அழற, ஓபல்?"