சௌக்கியச் சீட்டு

ரவிக்குமாரின் அப்பா இறந்து ஐந்து நாளாகியிருந்தது. ரவிக்குமாரோ இரண்டாம் தடவையாக ராஜ்மா வாங்கிக்கொண்டு, “இன்னிக்குத்தான் உப்பு சரியா இருக்கு சார்” என்று சுந்தரேசனைப் பார்த்துச் சிரித்தான்.

சுந்தரேசன் தலையாட்டிவிட்டுத் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சாவு உள்ளே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

தில்லியின் அந்த அச்சகத்தில் ஒரு பெரிய பரீட்சைக்கு வினாத்தாள் அச்சாகிக்கொண்டிருந்தது. பரீட்சை முடியும்வரை பன்னிரண்டு நாள், உள்ளே போன பதினைந்து பேரும் வெளியே வரக்கூடாது. செல்போன்கள் எல்லாம் கேட் அறையில் பூட்டிக் கிடந்தன. நிர்வாக அதிகாரி சுந்தரேசனுக்கும் அதே சட்டம்தான்.

வீட்டுக்காரர்கள் கேட்டுக்குப் போன் செய்வார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிரியதர்ஷினி, சேதியைச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக சுந்தரேசனிடம் நீட்டுவாள். அவர் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

கெட்ட சேதிக்கு மட்டும் அனுமதி இல்லை. ஓர் ஆளை வெளியே விட்டால் வினாத்தாளும் கூடவே போய்விடுமே! அந்த விதியை எழுதியவரே சுந்தரேசன்தான். “எது வந்தாலும் ‘எல்லாரும் சௌக்கியம், கவலை வேண்டாம்’னு எழுதிடும்மா” என்று பிரியதர்ஷினி சேர்ந்த அன்றே பாடம் நடத்திவிட்டார்.

நாலாம் நாள் அவள் ஜன்னலில் கிசுகிசுத்தாள். “சார், ரவிக்குமாரோட அப்பா தவறிட்டாராம். ஜனக்புரிதானே, ஒரு மணி நேரத்துல போய்ட்டு வந்துடுவார் சார். பாவம்.”

“யாரையும் விடறதுக்கில்லை. தம்பி இருக்கான், கொள்ளி வெப்பான். நீ சீட்டை எழுது, ஜல்தி.”

முதல் சீட்டைக் கொடுத்தபோது அவருக்கு உறுத்தத்தான் செய்தது. இப்போது அதுவும் இல்லை, மனசு மரத்துப்போய்விட்டது. மரத்துப்போனதே என்றுகூட வருத்தம் வரவில்லை.

கரோல் பாக் வீட்டிலிருந்து அவர் மனைவி ஜெயலட்சுமியும் தினம் சேதி அனுப்புவாள். மோட்டார் ஓடவில்லை, காஸ் வரவில்லை, நீங்கள் சொகுசாக உள்ளே இருக்கிறீர்கள் என்று ஒரே புகார். இரண்டு மூன்று நாளாகத்தான் அந்தத் தொல்லை இல்லாமல், சௌக்கியம் என்று மட்டும் சீட்டு வந்து, நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் பரீட்சை முடிந்து கதவு திறந்தது. சுந்தரேசன் ரவிக்குமாரைக் கேட் அறையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். டூட்டி லிஸ்ட் படிப்பதுபோல வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன.

ரவிக்குமார் அழவில்லை. சட்டைப் பையிலிருந்த சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“தினமும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இதைக் குடுத்தீங்களே சார். எப்படி முடிஞ்சுது உங்களால?”

“ரூல் அப்படிப்பா. உன் எடத்துல யார் இருந்தாலும் இதேதான்.”

அவன் எழுந்து போய்விட்டான். சுந்தரேசன் பெருமூச்சு விட்டபடி தன் செல்போனுக்காகக் கையை நீட்டினார். பிரியதர்ஷினி அதைக் கொடுக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“அட, ரவிக்குமாருக்காகவா அழறே? உன் மேல என்னம்மா தப்பு? நான் சொன்னபடிதானே எழுதினே.”

“சார்... உங்களுக்கும் அப்படித்தான் எழுதினேன்.”