அடுப்படிக்கு வெள்ளைக் கல்

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சுங்களாம்மா?"

கதிர்வேல் போட்ட சத்தத்தில், லாரியிலிருந்து கல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுப்பாத்தாள் சுவரில் சாய்த்து வைத்திருந்த வெள்ளை மார்பிள் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

மதுக்கரை ரோட்டில் ஷாநவாஸின் கல் கடை. சரவணம்பட்டியில் கட்டும் புது வீட்டுக்கு ஹால், பெட்ரூம், மாடிப்படி என்று எல்லாவற்றுக்கும் கதிர்வேலே கல் பார்த்து முடித்துவிட்டான். அடுப்படித் தரை ஒன்றுதான் பாக்கி. "அதை மட்டும் அம்மா சொல்லட்டும்" என்று பெரிய மனதோடு அம்மாவையும் மனைவி பிரவீனாவையும் காரில் கூட்டி வந்தான். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

"பாய், நீங்களே சொல்லுங்க. அடுப்படிக்கு எவனாச்சும் வெள்ளை மார்பிள் போடுவானா?"

ஷாநவாஸ் கொஞ்சம் தயங்கினார். தன் கடைக் கல்லைத் தானே குறை சொல்ல வேண்டும். ஆனாலும் சொன்னார்.

"அம்மா, சாமி ரூமுக்குன்னா நானே இதைத்தான் எடுத்துக் குடுப்பேனுங்க. அடுப்படிக்கு வேண்டாமுங்க. மஞ்சத்தூள் கொட்டுனா அப்படியே உறிஞ்சிக்கும். புளி பட்டா பாலிஷ் போயிரும். அப்புறம் என்ன தேய்ச்சாலும் கறை போகாதுங்க."

பக்கத்திலிருந்த கறுப்பு கிரானைட்டைத் தட்டிக் காட்டினார். "இதைப் பாருங்க. என்ன சிந்துனாலும் ஈரத்துணி போட்டு ஒரு இழுப்பு. அவ்வளவுதான்."

"கேட்டுக்கிட்டீங்களா? விக்கறவரே வேண்டாங்கறாரு!"

"கேட்டுச்சு கண்ணு. எனக்கு வெள்ளைதான் வேணும்."

"எதுக்குன்னு ஒரு காரணம் சொல்லுங்கம்மா! எவ ஊட்லயோ பாத்துட்டு வந்துட்டீங்க, அதே மாதிரி வேணும். அப்படித்தானே? அங்க கம்பெனியில அத்தனை ஆளுங்களை உட்டுப்போட்டு, கெட்டுப் போற கல்லைப் பாத்துக்கிட்டு நான் இங்க நிக்கறேன்."

சுப்பாத்தாள் அந்தக் கல்லையே தடவிக்கொண்டு நின்றாள். அது அவனை இன்னும் கிளப்பிவிட்டது.

"தேய்க்கப் போறது நீங்களா? இவதானே முட்டி போட்டுத் தேய்க்கணும்? ஊட்டுக்கு வந்த புள்ள மேல கொஞ்சமாச்சும் எரக்கம் வேண்டாமா? மாமியாருன்னா இப்படித்தான் இருக்கணும்னு சட்டமா?"

ஷாநவாஸுக்கு அவன் கேட்டது நியாயமாகவே பட்டது. பெண்டாட்டிக்காகப் பெற்ற தாயிடம் இப்படிப் பரிந்து பேசுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்த அம்மாவுக்கு வயசான காலத்தில் இத்தனை வீம்பு ஆகாது என்று நினைத்துக்கொண்டார்.

பிரவீனா மெல்ல முன்னால் வந்தாள். "அத்தை, கறுப்பே இருக்கட்டுங்க. எது கொட்டுனாலும் வெளிய தெரியாதுங்க."

சுப்பாத்தாள் அப்போதுதான் கல்லிலிருந்து கையை எடுத்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் அம்மணி, கறுப்பு வேண்டாங்கறேன்."

"இதென்ன பேச்சு?" என்றான் கதிர்வேல்.

"சூலூர் ஊட்ல நமக்குக் காவி போட்ட தரை. செக்கச்செவேல்னு இருக்கும். கொழம்புல உப்பு ஒரு கல்லு கொறைஞ்சா, உங்கய்யன் சோத்து வட்டலோட தூக்கி எறிவாரு. உனக்குத் தெரியாததில்ல. நான் ஒரு செம்புத் தண்ணிய ஊத்தித் தொடைச்சுபோட்டு, வேற வட்டல்ல சோறு போட்டு வெப்பேன். வாசல்ல உக்காந்திருந்த என்ற பொறந்தவனுக்குக்கூடத் தெரியாது. ஒருக்கா என்ற நெத்தி ஒடைஞ்சு ரத்தமே கொட்டுச்சு. அந்தத் தரையில அதுவும் தெரியல."

கதிர்வேலுக்கு முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்திப் பல்லைக் கடித்தான்.

"மூணாம் மனுசர் முன்னால பேசற பேச்சாம்மா இது? அய்யன் போயிச் சேந்து ஆறு வருசமாச்சு. செத்தவரு மானத்தை வாங்கறதுக்கா உங்களைக் கூட்டியாந்தேன்? அவரே போயிட்டாரு. இனி நம்மூட்டு அடுப்படியில எவன் வட்டலைத் தூக்கி எறியப் போறான்?"

ஷாநவாஸ் முகத்தைக் கற்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். பிரவீனா இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

சுப்பாத்தாளின் குரல் ஏறவே இல்லை.

"நீதான் கண்ணு. போன வெசாலக்கெழமை எறிஞ்சே. கோயிலுக்குப் போன நான் பாதியில திரும்பி வந்தது உனக்குத் தெரியாது. சுடுசாம்பார் பட்ட கையோட இவ குனிஞ்சு தொடைச்சுட்டு இருந்தா. என்னைப் பாத்ததும், கை தவறிக் கொட்டிருச்சுங்கன்னு சொன்னா."

கதிர்வேலின் பார்வை பிரவீனாவின் துப்பட்டாப் பக்கம் போனது.

"நான் தொடைச்சுத் தொடைச்சுத்தான் உங்கய்யன் கடைசி வரைக்கும் ஊருக்குள்ள தங்கமான மனுசன்னு பேரெடுத்தாரு. இவளும் தொடைச்சு உனக்கு அந்தப் பேர வாங்கிக் குடுக்க வேண்டாம்."

கதிர்வேல் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பிரவீனா பேசிவிட்டாள்.

"வெள்ளையே ஏத்துங்க பாய்."