ஸ்பிரிட்டைக் குடித்தது யார்?

ஸ்பிரிட் டப்பா மறுபடியும் காலி. அருமைநாயகத்துக்கு வயிறு எரிந்தது.

பாளையங்கோட்டையில் அவர் நடத்துகிற பட்டறையில் அலுமினியத் தகட்டில் பெயர்ப்பலகை எழுத்து வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் மெஷின் ஒன்று உண்டு. வெட்டும்போது கட்டர் சூடேறினால் அலுமினியம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் கம்ப்ரசர் காற்றில் சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் கலந்து, ஒரு நாசில் வழியாகக் கட்டர்மேல் புகைபோல அடிப்பார்கள். ஒரு டப்பா ஊற்றினால் மாதக் கடைசி வரை வர வேண்டும். இப்போதெல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

அருமைநாயகம் தேவாலயச் சபையின் மதுவிலக்குச் சங்கச் செயலாளர். அவர் பட்டறையிலேயே ஒருவன் மெஷின் ஸ்பிரிட்டைக் குடிக்கிறான் என்று வெளியே தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு மேடையேறுவார்?

ஒருவன் என்ன ஒருவன், கொம்பையாதான். மெஷின் ஓட்டுவது அவன் மட்டும்தானே! வேலை நேரம் முழுக்க மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறான். வாடை தெரியாமல் இருக்கத்தான், வேறென்ன?

"ஏலே கொம்பையா, ஸ்பிரிட் எங்கலே போவுது?"

"எனக்கும் வெளங்கல அண்ணாச்சி. நான் ஸ்பிரிட் கொழாயப் பைய, இம்புட்டுப்போலதான் தெறந்து வைக்கேன். மேசையில ஈரமே தெரியாது."

"ஈரம் தெரியாம என்னலே வேலை? கிரானைட் பட்டறையில தண்ணிய அருவியா ஊத்தி அறுத்தவன்லே நான்!"

இதுவரை போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தது போதாதென்று, அன்று முதல் மெஷினுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொம்பையா டீ குடிக்கப் போனாலும் நகரவில்லை. மூக்கு முட்டக் குனிந்து கட்டரைப் பார்ப்பார், "ப்ச்" என்பார், வழக்கம்போல எதையாவது திருகி வைப்பார், அவன் வந்ததும் மறுபடி முறைப்பார்.

டப்பா முன்னைவிட வேகமாகக் காலியானது. கண்ணெதிரேயே குடிக்கிறானே, என்ன கைகாரன் என்று அவருக்கு ஒருவித மரியாதையே வந்துவிட்டது.

வீட்டில் மனைவி ஞானசௌந்தரி அவர் சட்டையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இது என்ன வாடை?"

"எல்லாம் அந்தப் பயலால வந்தது. பக்கத்துல இருந்தா நமக்கும் ஒட்டுது" என்றார். ஏனோ அவருக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

சனிக்கிழமை குருவானவரைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். குடித்தவனைக் கண்டுபிடிக்கப் போலீஸ்காரர்கள் வைத்திருப்பார்களே, அதுபோன்ற ஊதும் கருவி ஒன்றைச் சங்கம் புதிதாக வாங்கியிருந்தது. அதுவும் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஊதுலே! இது கத்திச்சுன்னா இன்னையோட உனக்கு இங்கன வேலை கெடையாது."

கொம்பையா கையெடுத்துக் கும்பிட்டான். "பிள்ளகுட்டிக்காரன் அண்ணாச்சி. சத்தியமா நான் தொட்டதில்ல" என்றபடி துண்டை அவிழ்த்து ஊதினான்.

கருவி மூச்சு விடவில்லை. இன்னொரு முறை ஊதினான். அப்போதும் சத்தமில்லை.

"ஏமாத்துதான் ஐயா! மூச்சை அடக்கி ஊதுதான்" என்று அருமைநாயகம் கருவியைப் பிடுங்கினார். "எப்படி ஊதணும்னு நான் காட்டுதேன், பாருங்க."

நெஞ்சை நிமிர்த்தி ஒரே ஊது. பட்டறையே அதிரும்படி கத்தியது கருவி.

குருவானவர் செயலாளரை ஏற இறங்கப் பார்த்தார். செயலாளர் திருதிருவென்று விழித்தார்.

அவருடைய இன்னொரு கை மட்டும், கட்டர் காய்கிறதே என்ற பழக்கதோஷத்தில், தன்பாட்டுக்கு ஸ்பிரிட் குழாயை இன்னும் ஒரு திருகு திறந்துவிட்டுக்கொண்டிருந்தது.