ஒத்துவந்த கண்

கண் ஆஸ்பத்திரியில் அளவெடுக்கும் பாண்டீஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கருவிழியின் வளைவைக் கையால் திருகி அளக்கும் பழைய மெஷின் ஓர் அளவு சொன்னது. தானாக அளக்கும் புது மெஷின் வேறு அளவு சொன்னது. இந்த அளவை நம்பித்தான் கண்புரைக்காரர்களுக்கு லென்ஸ் வைக்க வேண்டும். காலையிலிருந்து பதினோரு பேரைப் பார்த்தாயிற்று, ஒருவருக்கும் ஒத்துவரவில்லை.

"மெஷினைக் குத்தம் சொல்லாத. உன் கைதான் சரியில்ல," என்று டாக்டர் எரிந்து விழுந்தார். "ஒரு கண்ணாச்சும் ஒத்துவந்தா வந்து சொல்லு."

அந்தக் காரைக்குடி ஆஸ்பத்திரி பெஞ்சில் நோயாளி யாரும் பாக்கியில்லை. மனைவிக்குத் துணையாக மானகிரியிலிருந்து வந்திருந்த தச்சர் காளிமுத்துவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தாயி, ஒண்ணு சொல்லணும்..."

"பேசாதீக. முகம் அசைஞ்சா அளவு மாறிரும்."

வலது கண்ணைப் பழைய மெஷினில் பார்த்தாள். நாற்பத்து மூன்றரை. புது மெஷினிலும் நாற்பத்து மூன்றரை. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். இம்மியும் பிசகவில்லை.

"இல்ல தாயி..."

"செத்த சும்மா இருக்கீகளா!"

ஓடினாள். "சார், வந்து பாருங்க! என் கையில கோளாறே இல்ல!"

டாக்டரே எழுந்து வந்தார். இரண்டு அளவையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இந்த மாதிரிக் கண்ணு கெடைக்கிறது அபூர்வம் பெரியவரே."

"எங்கய்யா லேசுல கெடைச்சுச்சு? மதுரைக்கு மூணு தடவ அலைஞ்சு, அளவெடுத்துச் செஞ்சு வச்சது," என்றார் காளிமுத்து. "நெசக் கண்ணு மரச்சில்லு தெறிச்சுப் போயி இருவது வருசமாச்சு. இந்தத் தாயி என்னையப் பேச விட்டாத்தானே!"